நியூயார்க்கில் ஒரு ஓசிக் காலேஜ்

"படிப்பைப் பாதியில விட்டவன்"னு சொன்னாலே நம்மாளுங்க பில் கேட்ஸ் கதைக்குப் போயிடுவாங்க. அவருக்கு அப்பா பெரிய வக்கீல். ஹார்வர்டை விட்டாலும் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது. அப்படி யாரும் இல்லாதவங்க கதை தெரியணும்னா நியூயார்க் சிட்டி காலேஜைப் பார்க்கணும் மக்களே.

1847-ல் நகர மக்கள் ஓட்டுப் போட்டு ஆரம்பிக்க வெச்ச காலேஜ் அது. ஃபீஸ் கிடையாது. பிழைக்க வந்த ஏழை யூதக் குடும்பத்துப் பசங்க கூட்டம் கூட்டமா படிச்சாங்க. போலியோ தடுப்பூசி ஜோனாஸ் சால்க், இன்டெல் ஆண்ட்ரூ குரோவ், நம்ம பொட்டி தட்டுற பொழப்புக்கே அஸ்திவாரமான டிசிபி/ஐபியை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான பாப் கான், எல்லாரும் அங்க படிச்சவங்கதான்.

ஆனா காலேஜ் இருந்தது ஹார்லெம்ல. சுத்தி வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் போர்ட்டோ ரிக்கோக்காரங்களுக்கும் கட் ஆஃப் எட்டலை. 1969 ஏப்ரல்ல மாணவர்கள் வளாகத்தோட தென்பகுதியை ரெண்டு வாரம் பூட்டிட்டு உள்ளேயே உக்காந்துட்டாங்க. விளைவு? 1970-லிருந்து அந்த ஊர்ல ஹைஸ்கூல் முடிச்ச எல்லாருக்கும் நகரப் பல்கலைக்கழகத்துல (சிட்டி காலேஜும் இதுக்குள்ளதான்) இடம் உண்டுன்னு ஆச்சு. அந்த வருஷம் சுமார் 35,000 பேர் சேர்ந்தாங்க.

சேர்ந்ததுல நிறைய பேர் நாலு வருஷத்துல முடிக்கலை. "தரம் போச்சு"ன்னு ஒரே கூப்பாடு. 1976-ல் நகரத்தோட கஜானா காலியாக, 129 வருஷ இலவசப் படிப்புக்கும் மூடுவிழா.

இனிமேதான் முக்கியமான விஷயம். 1970-72-ல் சேர்ந்த பெண்களை முப்பது வருஷம் கழிச்சுத் தேடிப் பிடிச்சு விசாரிச்சாங்க பால் அட்டவெல், டேவிட் லாவின்னு ரெண்டு பேராசிரியர்கள். 2007-ல் புத்தகமாவே வந்தது. 70 சதவீதத்துக்கும் மேல பட்டம் வாங்கியிருந்தாங்க! வேலை, கல்யாணம், குழந்தைன்னு நடுவுல விட்டு, திரும்ப வந்து, பத்துப் பதினஞ்சு வருஷம் கூட இழுத்து முடிச்சவங்க. நாலு வருஷத்துல கணக்கை மூடினவங்க ஏட்டுல இவங்க ஃபெயில்.

அதே 2007-ல் அந்தப் பல்கலைக்கழகம் தன்னோட ரெண்டு வருஷக் காலேஜ்கள்ல ஒரு திட்டம் கொண்டு வந்தது. உதவித்தொகை போக மிச்ச ஃபீஸ், புத்தகம், பஸ்-ரயில் பாஸ், அடிக்கடி கூப்பிட்டு "என்னப்பா ஆச்சு"ன்னு கேக்க ஒரு ஆலோசகர். 2015-ல் வந்த ஆய்வுப்படி, திட்டத்துல இல்லாதவங்கள்ல மூணு வருஷத்துல முடிச்சது 22%, இருந்தவங்கள்ல 40%. ரெண்டு தரப்பும் குலுக்கல் முறையில பிரிச்ச ஒரே மாதிரிப் பசங்க.

என் கூடப் படிச்ச ஒருத்தன் மூணாவது செமஸ்டரோட நின்னுட்டான். ஒரு அரியர் கிடையாது. ஃபீஸுக்கு லோன் வந்துடுச்சு, மெஸ் பில்லுக்குத்தான் வழியில்லை.

அதனால யாராவது "அவன் பாதியில விட்டவன்"னு சொன்னா ரெண்டே கேள்வி கேளுங்க. எத்தனை வருஷம் வரைக்கும் எண்ணினீங்க? எவ்வளவு ரூபா துண்டு விழுந்துச்சு?