வலிப்பு வந்த சிப்பாயும் ஒரு வரிக் குறிப்பும்

1/ மக்களே, உங்க குடும்பத்துலயோ தெருவுலயோ நோய் காரணமா ராணுவத்துல இருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் யாராவது இருக்காங்களா? அப்படின்னா இந்த இழையைக் கடைசி வரை படிங்க. இது ஒரு வரலாறு. ஆனா இன்னும் முடியாத வரலாறு.

2/ உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து வலிப்பு மாத்திரைக்காக ஒரு அய்யா என்னிடம் வருவார். இளவயசுலயே மிலிட்டரியில் 'போர்டு அவுட்' ஆனவர். "பென்ஷன் வருதாய்யா?"ன்னு கேட்டேன். "அது பிறவிக் கோளாறுன்னு எழுதிட்டாங்க டாக்டர்" என்றார்.

3/ இதன் கனம் புரியணும்னா ஒரு கணக்கு தெரியணும். ஜவான்களுக்குச் சாதாரண ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டு பணி வேண்டும். பாதியில் நோயோடு வெளியே வந்தால், ஊனமுற்றோர் ஓய்வூதியம்தான் பிடிமானம்.

4/ வேற வேலை பார்க்கலாமேன்னு தோணும். மதுரையில் மிலிட்டரியில் இருந்து வந்தவங்க வழக்கமாப் போறது டிரைவர் வேலைக்கு, இல்லைன்னா துப்பாக்கியோட பேங்க் செக்யூரிட்டிக்கு. வலிப்பு இருந்தால் லைசென்ஸும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது.

5/ நம் நாட்டில் இந்தக் கேள்வி பழசு. முதல் உலகப் போரில் ஊனமான இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுத்தர 1917-லேயே குயின் மேரி தொழிற்பள்ளி வந்தது. இன்று அது புனே அருகே கிர்க்கியில் இருக்கிறது. புனேயில் செயற்கைக் கால் மையம் 1944-ல் வந்தது.

6/ கால் போனால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வலிப்பு, மனநோய், ரத்த அழுத்தம் தெரியாது. சிக்கலே அங்கதான்.

7/ 1961 ராணுவ ஓய்வூதிய விதிகள் இரண்டு நிபந்தனை வைத்தன. ஊனம் 20 சதவீதமாவது இருக்கணும். அது பணியால் வந்ததாகவோ, பணியால் மோசமானதாகவோ இருக்கணும். இதைப் பற்றிக் கருத்து எழுதுவது மருத்துவக் குழு. அதாவது எங்களைப் போன்ற டாக்டர்கள்.

8/ இப்போ தரம்வீர் சிங் கதைக்கு வருவோம். 1985-ல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். சேரும்போது முழு ஆரோக்கியம். 1994-ல் வலிப்பு நோய், 20 சதவீத ஊனம்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். 'உடல்வாகு சார்ந்தது, பணிக்குச் சம்பந்தமில்லை' என்று குறிப்பு. ஓய்வூதியம் இல்லை.

9/ உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி முன் ஜெயித்தார், மேல்முறையீட்டில் தோற்றார். கடைசியில் 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வெளியே வந்து 19 ஆண்டு ஆகியிருந்தது.

10/ தீர்ப்பின் சாரம் எளிமையானது. சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ளணும். பிறகு வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்று நிரூபிப்பது ராணுவத்தின் பொறுப்பு, சிப்பாயின் பொறுப்பு அல்ல. மருத்துவக் குழு காரணம் சொல்லாமல் வெறுமனே முடிவெழுதினால் செல்லாது.

11/ டாக்டரா நான் ஒன்று சொல்றேன். பல வலிப்பு நோயாளிகளிடம் எங்களால் காரணம் கண்டுபிடிக்க முடியாது. ஆனா தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும். ராத்திரி காவல் நிற்பவருக்குத் தூக்கம் எங்கே? 'காரணம் தெரியவில்லை' என்பதும் 'பணி காரணமில்லை' என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய ஒரு வரிதான் பல வீடுகளில் அடுப்பை அணைத்தது.

12/ அடுத்த ஆண்டு, 2014-ல், ராம் அவதார் வழக்கு. 50-க்குக் கீழான சதவீதத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பானது.

13/ 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் நடைமுறையில் இருக்கு. அதற்கு முன்பே வெளியே வந்தவர்களுக்கு அவை பொருந்தாது. "சட்டம் மாறிடுச்சு"ன்னு யாராவது சொன்னா அப்படியே நம்பிட வேண்டாம்.

14/ செய்ய வேண்டியது: டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மருத்துவக் குழு அறிக்கையையும் தேடி எடுங்க. மதுரையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்க. மறுத்தால், சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கு.

15/ அந்த அய்யாவிடமும் இதைத்தான் சொன்னேன். "தகரப் பெட்டியில எங்கேயோ கிடக்கும், தேடுறேன்" என்று போயிருக்கார். உங்க வீட்டுத் தகரப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்க.