முதல்நூலை வாழ்வித்த வழிநூல்

முதல்நூலைத் தழுவிப் பிறப்பது வழிநூல் என்பர் நம் இலக்கணப் பெரியோர். தழுவல் தாழ்வன்று என்பதற்கு அமெரிக்கச் சித்திரக்கதை வரலாறும் சான்று பகர்கின்றது. 1939இல் தோன்றிய 'பேட்மேன்' கதைகளுள், 1959ஆம் ஆண்டு, பனிக்கருவி ஏந்திய திருடனொருவன் 'மிஸ்டர் ஸீரோ' என்னும் பெயருடன் புகுந்தான். 1966இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் அவனுக்கு 'மிஸ்டர் ஃபிரீஸ்' எனப் பெயர் மாற்றியது. 1992ஆம் ஆண்டின் கேலிச்சித்திரத் தொடரிலோ, எழுத்தாளர் பால் டினி அவனுக்கு நெஞ்சத்தையே அளித்தார். நோயுற்ற மனைவியை உறைநிலையில் வைத்துக் காக்க முயன்று, பிறர் கொடுமையால் அவளை இழந்த கணவனானான் அக்கயவன். பின்னர் மூலக்கதை ஏடுகளும் அத்துயர வரலாற்றை ஏற்றுக்கொண்டன. வழிநூல் முதல்நூலுக்கு வளஞ் சேர்த்தது. ஆதலின், கேட்ட கதையைத் தன்போக்கில் மாற்றியெழுதும் மாணவனைக் கடிதல் தகாது. அவன் புதிதாய்ச் சேர்த்தது யாதென நோக்குதலே ஆசிரியர் கடன்.