மேடையும் சம்பளத் துண்டும்

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், மறு ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை வாக்கற்றவராக்கின. வாக்கில்லாதவனை ஏமாற்றவேண்டிய தேவைதானும் எவருக்கும் இல்லை. அவனை மறந்துவிட்டாற் போதும். பறிபோன உரிமை சிறிது சிறிதாகவே மீண்டது. எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. வாக்கு மீண்டபோது வாக்குறுதிகளும் உடன் வந்தன.

2024 மே 1 அன்று, கொட்டகலை மேதினக் கூட்டத்தில், அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1700 ரூபா நாட்சம்பளத்தை அறிவித்தார். எஹலியகொட றப்பர்த் தோட்ட லயங்களில் அக்காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்டோம். மகிழ்ந்தோர் மறுநாட் காலை ஆயிரம் ரூபாவுக்கே பால் வெட்டச் சென்றனர்.

வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது மெய். ஆனால் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதனை இடைக்காலமாகத் தடுத்தது. செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களின் முன்னர், சம்பள நிர்ணய சபையில் முடிவானது 1350 ரூபாவே.

இங்கே பொய் எது? மேடையும் மெய், கூட்டமும் மெய், கைதட்டலும் மெய். அறிவித்தாலே கொடுத்தாயிற்று என்னும் தோற்றமே பொய். அத்தோற்றத்தைக் கமரா வீடுதோறும் கொண்டுசென்றது. கம்பனிகளின் மறுப்பை முறியடிக்கும் வலிமை அதற்கில்லை. அவ்வலிமை தொழிலாளரின் ஒன்றுபட்ட போராட்டத்துக்கே உண்டு.

சம்பள நாளன்று கமரா தோட்டத்துக்கு வருவதில்லை. ஆகவே, ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் அன்று அங்கிருத்தல் வேண்டும். தலைவர்களின் சொல்லை உரைத்துப் பார்க்கும் கல், தொழிலாளியின் கையிலுள்ள அந்தச் சம்பளத் துண்டேயாகும்.