மேடையும் கோடும்: இசைக்கலைஞர் கேலிச்சித்திரங்கள் வரலாற்றுச் சான்றாக

முன்னுரை

கச்சேரி மேடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரிதும் நம்புவன இசைத்தட்டுகள், விமர்சனங்கள், வாழ்க்கை வரலாறுகள் ஆகியனவே. இதழ்களில் வெளிவந்த கேலிச்சித்திரங்கள் சிரித்துவிட்டுக் கடந்து செல்லும் பக்கங்களாகவே கருதப்பட்டு வந்துள்ளன. அவையும் வரலாற்றுச் சான்றாகத் தகுவன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

மேலைநாட்டு முன்மாதிரி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகர இசையரங்குகளில் புகழ்பெற்ற பாடகி ஈவெத் கில்பேர். அவரைத் துலூஸ்-லோத்ரெக் பலமுறை வரைந்தார். தம்மை அழகற்றவராகக் காட்டியதாகக் கில்பேர் முதலில் குறைபட்டுக்கொண்டார். ஆயினும், 1894இல் வெளிவந்த கில்பேர் சித்திரத் தொகுப்பின் படிகளில் அவரே கையொப்பமிட்டார். அத்தொகுப்பின் அட்டையில் பாடகியின் முகம் இல்லை. படிக்கட்டில் கிடக்கும் நீண்ட கருப்புக் கையுறைகளே உள்ளன. அவற்றைக் கொண்டே பாடகி யாரென்பதை இரசிகர்கள் அறிந்துகொண்டனர். ஒரு கலைஞரின் அடையாளம் எதில் தங்கியுள்ளது என்பதைக் கண்டறிவதே கேலிச்சித்திரத்தின் தொழில் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

மாலியின் கோடுகள்

தமிழில் இக்கலையை வேரூன்றச் செய்தவர் 'மாலி' என்னும் மகாலிங்கம் ஆவார். புல்லாங்குழல் மேதை டி. ஆர். மகாலிங்கமும் மாலி என்றே அழைக்கப்பட்டதால், நூலகப் பட்டியல்களில் இருவரையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஓவியர் மாலி 1930களில் ஆனந்த விகடனில் அரியக்குடி இராமானுஜ அய்யங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர் முதலிய வித்துவான்களைச் சில கோடுகளிலேயே காட்டினார். அதே காலத்தில் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் அவ்விதழில் இசை விமர்சனம் எழுதிவந்தார். ஒருவர் செவியால் கண்டதை எழுத, மற்றவர் விழியால் கேட்டதை வரைந்தார் எனலாம்.

அக்காலச் சூழலையும் இங்கு நோக்க வேண்டும். சென்னையில் 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. கோயிலையும் செல்வர் இல்லத்தையும் சார்ந்திருந்த இசை, கட்டணம் செலுத்திக் கேட்கும் சபா அரங்கிற்குப் பெயர்ந்துகொண்டிருந்தது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடலையே தாங்கியது. குரல் அதில் பதிந்தது. தாளமிட்ட கை, உயர்ந்த புருவம், பக்கவாத்தியக்காரரை நோக்கித் திரும்பிய தலை ஆகியன பதியவில்லை. அவற்றைக் காத்துத் தந்தது ஓவியரின் கோடாகும்.

கோபுலுவும் நாதசுர மேடையும்

மாலியின் வழிவந்த கோபுலு (1924–2015), கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு வரைந்த ஓவியங்கள் இம்மரபின் அடுத்த வளர்ச்சியாகும். கதைமாந்தர் கற்பனையே, எனினும் நாதசுரக்காரரின் நிற்கும் நிலை, தவில்காரரின் தோற்றம், ஆடலரங்கின் அமைப்பு ஆகியன வாழ்க்கையினின்று எடுக்கப்பட்டவை. 1968இல் வெளிவந்த திரைப்படத்திற்கு முன்னரே வாசகர் மனத்தில் அம்மேடை உருப்பெற்றுவிட்டது.

சான்றைக் கையாளும் முறை

கேலிச்சித்திரம் மிகைப்படுத்தும், ஆகவே அதனை நிழற்படம்போல் கொள்ளலாகாது. ஒரே கலைஞரின் பல சித்திரங்களை ஒப்பிட்டு, மீண்டும் மீண்டும் வரும் கூறுகளைப் பிரித்தறிய வேண்டும். பின்னர் அவற்றை விமர்சனங்களோடு பொருத்திக் காண வேண்டும். யார் வரையப்பட்டனர் என்பதோடு யார் விடுபட்டனர் என்பதும் கேட்கத்தக்க வினாவே. சபா மேடைக்கு வராத நாடகக் கலைஞரும் கூத்தரும் அச்சு ஏட்டில் பெற்ற இடம் எத்தகையது என்பதனை அதன்வழி அறியலாம். குருவை வணங்கும் மரபில் கேலி பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். உற்றுநோக்காமல் ஒருவரை மிகைப்படுத்த இயலாது. அவ்வகையில் நல்ல கேலிச்சித்திரம் ஆழ்ந்த கவனத்தின் வெளிப்பாடே ஆகும்.

நம் நாட்டுப் பணி

தமிழக இதழ்கள் கப்பலேறி மலாயாவிற்கு வந்தன. தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துக் கட்டடம் செய்து காப்பது வாசகர் வழக்கமாயிருந்தது. அவ்வாறு பிரிக்கையில் கதையின் பின்பக்கத்தில் அமைந்த சித்திரங்கள் தப்பின. ஏனையவை பழைய தாள்களோடு போயின. கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரக் குடும்பங்களில் மூத்தோர் மறைந்தபின் இத்தகைய கட்டடங்கள் முதலில் வெளியேற்றப்படுகின்றன. அவற்றைப் படிமமாக்கிப் பட்டியலிடுதல் பல்கலைக்கழக மாணவர்க்கு ஏற்ற களப்பணியாகும்.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. அதன் பழைய இதழ்களிலும் செய்தியை மட்டுமன்றிப் படங்களையும் தேடிப் பதிவு செய்தல் வேண்டும். 1974 முதல் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்சில் லாட் வரைந்த சித்திரங்கள் மலேசிய வாழ்வின் ஆவணமாக மதிக்கப்படுகின்றன. தமிழ் மேடைக்கும் அம்மதிப்பு வேண்டும்.

முடிவுரை

பிரிக்பீல்ட்ஸ் அரங்குகளில் இன்றும் கச்சேரியும் நடனமும் நிகழ்கின்றன. இன்றைய நிகழ்ச்சிகள் கைப்பேசியில் பதிவாகின்றன. முந்தைய தலைமுறை மேடையின் உடல்மொழிக்கோ தாளில் தீட்டிய கோடே பல இடங்களில் எஞ்சியுள்ளது. தமிழாசிரியர்கள் வகுப்பில் ஒரு சித்திரத்தைக் காட்டி, அதில் காண்பதை மாணவர்களை எழுதச் செய்தால், கட்டுரைப் பயிற்சியோடு வரலாற்றுணர்வும் வளரும். சித்திரங்கள் அழிந்தபின் அவற்றின் அருமையைப் பேசுவதைவிட, இருப்பனவற்றை இன்றே தொகுப்பது அறிவுடைமையாகும்.