பிரிட்டன் துறைமுகத் தொழிலாளர் பணிவிலகல் இழப்பீடு

பிரிட்டனின் பொதுத்துறைத் துறைமுகங்கள் தனியார் கைக்கு மாறிய காலத்தில், பதிவு பெற்ற துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை விட்டுச் செல்ல வழங்கப்பட்ட தொகையும், அதைக் குறித்துத் தொழிற்சங்கங்கள், முதலாளிகள், அரசு ஆகிய முத்தரப்பும் நடத்திய பேச்சுவார்த்தைகளும் இத்தலைப்பில் அடங்கும். பேரம் பவுண்டுக் கணக்கில் நடந்தாலும், விலை பேசப்பட்டது வேலையின் மீதான உரிமைக்கே.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுக வேலை தினக்கூலி வேலை. காலையில் வாயிலில் கூடும் கூட்டத்திலிருந்து மேஸ்திரி கைகாட்டியவருக்கே அன்றைய கூலி. மற்றவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர். மணிக்கு 6 பென்ஸ் கூலி கேட்டு 1889இல் நடந்த லண்டன் வேலைநிறுத்தம் வென்றது. ஆயினும் வாயிலில் காத்துநிற்கும் அவமானம் தொடர்ந்தது.

அதற்கு முடிவுகட்டும் முயற்சியாக 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1947இல் தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே திட்டத்துக்கு உட்பட்ட துறைமுகங்களில் சரக்கு ஏற்றி இறக்கலாம். வேலை இல்லாத நாளிலும் வருகைப்படி உண்டு. சங்கமும் முதலாளிகளும் சமமாக அமர்ந்த வாரியத்தின் ஒப்புதல் இன்றி யாரையும் நீக்க முடியாது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் (வேலை ஒழுங்குமுறை) சட்டமும் பதிவேடு என்ற இதே அடிப்படையில் அமைந்தது.

கண்டெய்னரும் விருப்ப விலகலும்

துறைமுகத் தொழிலை ஆராய்ந்த டெவ்லின் குழுவின் 1965ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1967 செப்டம்பரில் தினக்கூலி முறை ஒழிந்து ஒவ்வொரு தொழிலாளியும் நிலையான முதலாளியின் கீழ் வந்தார். அதே வேளையில் கண்டெய்னர் வந்து சேர்ந்தது. பல நாள் பலர் சுமந்த சரக்கைச் சில மணி நேரத்தில் கிரேன் இறக்கியது. ஆட்கள் மிகுதியாயினர், ஆனால் அவர்களை நீக்குவதற்குச் சட்டம் இடம்தரவில்லை. எனவே விருப்பப்பட்டு விலகுவோருக்குத் தொகை தரும் திட்டம் பிறந்தது.

கண்டெய்னர் வேலை பதிவு பெறாத ஆட்களுக்குப் போவதை எதிர்த்து மறியல் செய்த ஐவர் 1972 ஜூலையில் பென்டன்வில் சிறையில் அடைக்கப்பட்டனர். நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பில் சில நாட்களிலேயே விடுதலையாயினர். உடனே தேசிய அளவில் துறைமுக வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கத் தலைவர் ஜேக் ஜோன்ஸும் லண்டன் துறைமுக ஆணையத் தலைவர் ஆல்டிங்டன் பிரபுவும் தலைமை வகித்த குழு இரண்டு முடிவுகளைத் தந்தது: விலகல் தொகை உயரும், விலக விரும்பாதவரின் வேலை, அவருடைய நிறுவனமே மூடப்பட்டாலும், பறிபோகாது. தொழிலாளர் தரப்பின் பேர பலம் உச்சத்தில் இருந்த காலம் இதுவே.

தனியார்மயமும் 1989ஆம் ஆண்டுச் சட்டமும்

சவுத்தாம்ப்டன், ஹல், கார்டிஃப் உள்ளிட்ட அரசுத் துறைமுகங்களை நிர்வகித்த வாரியம், அசோசியேட்டட் பிரிட்டிஷ் போர்ட்ஸ் என்ற பெயர் பெற்று 1983இல் பங்குச் சந்தையில் விற்கப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு வெளியே வளர்ந்த ஃபெலிக்ஸ்டோ, நாட்டின் மிகப் பெரிய கண்டெய்னர் துறைமுகமாகியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி முதலாளிகள் திட்டத்தை நீக்கக் கோரினர்.

1989 ஏப்ரல் 6இல் வேலைவாய்ப்பு அமைச்சர் நார்மன் ஃபௌலர், திட்டம் ரத்தாகும் என அறிவித்தார். அப்போது பதிவேட்டில் இருந்தவர்கள் சுமார் 9,400 பேர். ஆட்குறைப்புக்கு உள்ளாவோருக்கு அதிகபட்சம் 35,000 பவுண்டு இழப்பீடு என்றும், செலவில் பாதியை அரசு ஏற்கும் என்றும் முடிவாயிற்று. முதல் 18 மாதம் கழிந்தால் இந்த உச்சவரம்பு குறையும். காத்திருந்தால் நட்டம் என்ற இந்த விதி, தயங்கி நின்றவர்களையும் கையெழுத்திடத் தூண்டியது. சங்கம் வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியது; நீதிமன்ற வழக்குகளில் வாரங்கள் கரைந்தன. ஜூலை 3இல் சட்டம் நிறைவேறிய பிறகே வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆகஸ்ட் 1இல் கைவிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பதிவேட்டில் இருந்தோரில் பெரும்பாலோர் தொகையைப் பெற்று வெளியேறினர். டில்பரி துறைமுகம் 1992இல் தனியார்வசமானது.

லிவர்பூல், 1995–1998

சங்கம் சிதையாமல் நின்ற பெரிய துறைமுகம் லிவர்பூல். 1995 செப்டம்பரில் டார்சைடு என்ற ஒப்பந்த நிறுவனம் மிகைநேர வேலைத் தகராறில் சுமார் 80 இளைஞர்களை நீக்கியது. அவர்களில் பலர் அங்கேயே பணியாற்றிய மூத்த தொழிலாளர்களின் பிள்ளைகள். அவர்களின் மறியலைக் கடந்து உள்ளே போக மறுத்த மெர்ஸி துறைமுக நிறுவன ஊழியர்களும் வேலை இழந்தனர். அது சட்டத்தின் பார்வையில் அனுமதியற்ற ஆதரவுப் போராட்டம் என்பதால் சங்கத்தின் முறையான அங்கீகாரம் கிடைக்கவில்லை. மீண்டும் வேலை என்பதே அவர்களின் கோரிக்கை. மெர்ஸி நிறுவனம் தலைக்கு 28,000 பவுண்டு தர முன்வந்தபோது, 1997இல் வாக்கெடுப்பு நடத்தி நிராகரித்தனர். 28 மாதப் போராட்டம் கையிருப்பையெல்லாம் கரைத்த பின், 1998 ஜனவரியில் அதையே ஏற்க நேர்ந்தது.

மதிப்பீடு

1972இல் பணம், வேலை உத்தரவாதத்தோடு சேர்ந்து வந்தது. வேண்டாம் என்பவர் வேலையிலேயே தொடரலாம். 1989இல் உத்தரவாதத்தை எடுத்துக்கொண்டு பணத்தைத் தந்தார்கள். 1998இல் கிடைத்த தொகை, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு சட்டம் அளித்த உச்சத்தையும் எட்டவில்லை. மறுக்கும் உரிமை இருந்தவரைதான் இழப்பீடு பேரமாக இருந்தது என்பதே இவ்வரலாறு தொழிலாளர்களுக்கு விட்டுச்சென்ற பாடம்.