நிறுத்தும் அதிகாரம்: வணிகச் செயல்பாடுகளில் தன்னியக்க நுண்ணறிவின் வளர்ச்சி (1980–2024)

முன்னுரை

வணிகத்தில் செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அதன் திறனையே அளக்கின்றன. ஆனால் கடந்த நாற்பதாண்டு வரலாற்றில் பெரிய சேதங்கள் திறன் குறைவால் மட்டும் வரவில்லை. முறைமை தவறினால் அதை எது நிறுத்தும், இழப்பு யாரைச் சேரும் என்பதை நிறுவனங்கள் முன்கூட்டியே முடிவு செய்யாததால் வந்தன. பரிந்துரைத்தல், நிறைவேற்றுதல், வாக்குறுதி அளித்தல் என்ற மூன்று கட்டங்களைக் கொண்டு இக்கட்டுரை இதை ஆராய்கிறது.

பரிந்துரைத்தல்

அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் விற்ற வாக்ஸ் கணினிகள் ஒவ்வொரு வாடிக்கையாளரின் தேவைக்கேற்பப் பாகங்களைச் சேர்த்து அமைக்கப்பட்டவை. ஆர்டரில் ஒரு கேபிள் விடுபட்டாலும் நிறுவும் வேலை தடைபடும். இதைச் சரிபார்க்க, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மாட் 1978இல் உருவாக்கத் தொடங்கிய 'எக்ஸ்கான்' என்ற வல்லுநர் முறைமை 1980இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் அறிவு முழுவதும் 'இன்ன நிலையில் இன்னது செய்' என்னும் விதிகளாக எழுதப்பட்டிருந்தது. தவறு தெரிந்தால் எந்த விதி பிசகியது என்று தேடித் திருத்த முடிந்தது. புதிய பாகங்கள் சந்தைக்கு வரவர விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகி, பராமரிப்பே தனிச்சுமையானது. எனினும் அது தந்தது பாகங்களின் பட்டியலும் வரைபடமும்தான். அதை வைத்துக் கணினியைப் பூட்டியவர்கள் மனிதர்கள்.

நிறைவேற்றுதல்

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது அடுத்த கட்டத்தைக் காட்டுகிறது. எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய நிரல் ஏழில்தான் ஏறியது. எட்டாவதில், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத பழைய நிரல் உயிர்பெற்றது. 212 சில்லறை ஆர்டர்களை நிறைவேற்றப் போய், 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் அதிகமான பரிவர்த்தனைகளைச் செய்தது. இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல்.

சந்தை திறக்கும் முன்பே பிழையைச் சுட்டி 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குச் சென்றிருந்தன. அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்படாததால் யாரும் பொருட்படுத்தவில்லை. பதற்றத்தில் மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கியபோது நிலைமை இன்னும் மோசமானது. பங்குகள் குவிந்த கணக்குக்கு 20 லட்சம் டாலர் வரம்பு இருந்தது. அதைத் தாண்டினால் ஆர்டரை நிறுத்தும் இணைப்பு இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இந்த நிரலில் நுண்ணறிவு எதுவும் இல்லை. மனிதர் தலையிடுவதற்குள் செயல் முடிந்துவிடும் வேகம் மட்டுமே இருந்தது. சேதத்துக்கு அதுவே போதுமானதாயிற்று.

வாக்குறுதி அளித்தல்

மூன்றாவது கட்டத்தில் இயந்திரம் நிறுவனத்தின் சார்பில் வாடிக்கையாளரிடம் பேசுகிறது. உறவினரின் இறப்புக்காகப் பயணம் செய்த ஒருவருக்கு, சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பிறகும் கோரலாம் என்று ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் தவறாகச் சொன்னது. சாட்பாட்டின் செயலுக்கு அதுவே பொறுப்பு என்ற வகையில் நிறுவனம் வாதிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை நிராகரித்து இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தொகை சிறியது. ஆனால், தன் இணையதளத்தில் இயந்திரம் சொல்வதற்கும் நிறுவனமே பொறுப்பு என்பது அத்தீர்ப்பில் தெளிவானது.

எதிர்காலம்

இன்றைய பெருமொழி மாதிரிகள் மேல் இயங்கும் 'முகவர்' மென்பொருள்களில் மூன்று கட்டங்களும் ஒன்றுசேர்கின்றன. வாடிக்கையாளரின் மின்னஞ்சலைப் படித்து, இருப்பைப் பார்த்து, பணத்தைத் திருப்பித் தருவதுவரை ஒரே மென்பொருள் செய்யலாம். எக்ஸ்கானில் இருந்ததுபோல் புரட்டிப் பார்க்க விதிகளும் இங்கே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், உயர் ஆபத்து முறைமைகளை மனிதர் கண்காணித்து நிறுத்த வழி இருக்க வேண்டும் என்கிறது. இது தேவையானது, ஆனால் போதாது. நைட் கேப்பிடலிலும் மனிதர்கள் இருந்தார்கள். கண்காணிப்பவரிடம் நேரம் இல்லாதபோது வரம்பை முறைமைக்குள்ளேயே பூட்டிவைக்க வேண்டியிருக்கிறது.

முடிவுரை

எளிதில் திரும்பப் பெறக்கூடிய வேலைகளில், எடுத்துக்காட்டாக பில் ஒப்பிடுதல், சரக்கு மறுகொள்முதல் ஆகியவற்றில், தன்னியக்கம் விரைந்து பரவும் எனலாம். கடன் மறுப்பு, பணிநீக்கம் போன்றவற்றில் அதே வேகத்தை அனுமதிப்பது தவறு. அங்கே பாதிக்கப்படுபவருக்கு நேரும் இழப்பைப் பின்னர் செய்யும் திருத்தம் ஈடுசெய்யாது. ஆகவே ஒரு வேலையை இயந்திரத்திடம் விடலாமா என்பதை, அது எவ்வளவு சரியாகச் செய்கிறது என்பதோடு, தவறிய பின் எவ்வளவை மீட்க முடியும் என்பதையும் வைத்தே நிறுவனங்கள் முடிவு செய்ய வேண்டும்.