நூர்பர்கிரிங் வடக்குத் தடமும் சாலைக் கார்களும்

நூர்பர்கிரிங் என்பது ஜெர்மனியின் மேற்கில், ஐஃபெல் மலைப்பகுதியில் அமைந்துள்ள மோட்டார் பந்தயத் தடமாகும். இதன் பழைய பகுதியான வடக்குத் தடம், சொந்தக் காருடன் வரும் பொதுமக்களுக்கும் கட்டணத்தின் பேரில் திறந்துவிடப்படுகிறது.

தோற்றம்

1920களில் ஐஃபெல் பகுதியில் மோட்டார் பந்தயங்கள் பொதுச் சாலைகளிலேயே நடந்தன. பந்தயத்துக்குத் தனித் தடம் அமைக்கவும், வறுமையில் வாடிய அப்பகுதியினருக்கு வேலை தரவும் 1925இல் கட்டுமானம் தொடங்கியது. 1927 ஜூன் மாதம் தடம் திறக்கப்பட்டது. முதல் கார் பந்தயத்தில் ருடால்ஃப் கராச்சியோலா வென்றார். பந்தயம் இல்லாத வேளைகளில் இதை ஒருவழிச் சாலையாகப் பயன்படுத்தும் வழக்கமும் தொடக்கத்திலேயே ஏற்பட்டது.

பச்சை நரகம்

ஏறத்தாழ 300 மீட்டர் ஏற்ற இறக்கம் கொண்ட இத்தடத்துக்குப் 'பச்சை நரகம்' என்று பெயரிட்டவர் ஜாக்கி ஸ்டூவர்ட். 1968இல் மழையிலும் மூடுபனியிலும் இங்கு வென்றவர் அவர். 1976 ஆகஸ்ட் 1 அன்று நிக்கி லாடாவின் கார் மோதித் தீப்பற்றியது. சக ஓட்டுநர்களே அவரை வெளியே இழுத்தனர். அதன்பின் வடக்குத் தடத்தில் ஃபார்முலா 1 பந்தயம் நடைபெறவில்லை. 1984இல் அருகிலேயே புதிய சிறு தடம் திறக்கப்பட்டது. ஆனால், உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களுக்கே ஆபத்தானது என்று கைவிடப்பட்ட பழைய தடத்தில் பொதுமக்கள் இன்றும் ஓட்டுகின்றனர். எனவே, முதன்முறை வருவோருக்கு முன்னேற்பாடு இன்றியமையாதது.

காரை ஆயத்தம் செய்தல்

முதலில் கவனிக்க வேண்டியது எஞ்சின் அன்று, பிரேக். வேகம் இருமடங்கானால், காரை நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய வெப்பம் நான்கு மடங்காகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகைப் புதிய ஆயில் குறைந்தது 230 பாகையில் கொதிக்கும். ஈரம் சேர்ந்தபின் இது 155 பாகை வரை இறங்கலாம். கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றி, மிதி தரைவரை இறங்கியும் கார் நிற்காது. ஆகவே, பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றி, பிரேக் பேடின் தடிமனையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, டயரின் தேய்மானம், காற்றழுத்தம், சக்கர நட்டுகளின் இறுக்கம், எஞ்சின் ஆயில் அளவு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். டிக்கியிலும் இருக்கைகளிலும் கட்டப்படாத பொருள் எதுவும் இருக்கக்கூடாது. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுவது நல்லது.

ஓட்டுநரை ஆயத்தம் செய்தல்

பொதுமக்களுக்கான நேரங்களில் ஜெர்மன் சாலை விதிகளே இங்கும் பொருந்தும். வலப்பக்கம் ஒதுங்கிச் செல்ல வேண்டும். இடப்புறமாக மட்டுமே முந்த வேண்டும். பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிடக் கண்ணாடியை அடிக்கடி பார்ப்பது அவசியம். இன்றைய நீளமான 20.8 கிலோமீட்டரில் உள்ள வளைவுகள் ஒரே நாளில் மனத்தில் பதியா. முதல் சுற்றுகளை நிதானமாக ஓட்டி, வளைவுகளை அறிந்துகொள்ள வேண்டும்.

காப்பீடு செல்லுமா என்பதையும் முன்பே கேட்டறிய வேண்டும். தடுப்புவேலி சேதமடைந்தால் அதைச் சீர்செய்யும் செலவு ஓட்டுநரைச் சேரும்.

பொதுமக்கள் ஓட்டும் நேரங்களில் சுற்று நேரத்தை அளப்பது தடை செய்யப்பட்டுள்ளது. இத்தடை, முதன்முறை வருபவரின் இலக்கையும் தெளிவாக்குகிறது: ஓட்டி வந்த காரிலேயே நலமாக வீடு திரும்புவது.